ராமன் விளைவில் பாதி உழைப்பு இவருடையது: பழைய நெல்லை ஜில்லா தந்த குவாண்டம் விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன் யார்?

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பிப்ரவரி 28 அன்று. அந்தத் தேதி நாட்டின் தேசிய அறிவியல் தினமும்கூட. 1928ல் அதே தேதியில்தான் கொல்கத்தாவில் ராமன் விளைவு உறுதியானது. 1987 முதல் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடங்களில் சர் சி.வி.ராமன் படத்துக்கு மாலை போடுவார்கள், கண்காட்சி நடக்கும், பேச்சுப் போட்டி நடக்கும்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை உலகுக்கு முதலில் சொன்ன ஆய்வுக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ராமன். இரண்டாவது பெயர் கே.எஸ்.கிருஷ்ணன். அந்த இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர் உடன்குடிக்காரர்களுக்கு ஒருவகையில் பழைய ஜில்லாக்காரர்தான். எப்படி என்று பார்ப்போம்.

வத்திராயிருப்பில் பிறந்த கரியமாணிக்கம்

முழுப் பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். இன்றைக்கு அது விருதுநகர் மாவட்டம். ஆனால் கிருஷ்ணன் பிறந்த காலத்தில் திருவில்லிபுத்தூர் தாலுகா முழுக்க திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோதுதான் அங்கே மாறியது. உடன்குடியும் அப்போது திருநெல்வேலி ஜில்லாதான். 1986ல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமானது. ஆக, அந்தக் கணக்கில் இருவரும் ஒரே கலெக்டர் ஆபீஸ்காரர்கள்.

கரியமாணிக்கம் என்ற பெயரே நெல்லை டவுன்காரர்களுக்கு அந்நியமில்லை. அங்கே கரியமாணிக்கப் பெருமாள் கோயில் இருக்கிறது.

அப்பா விவசாயி. அதே சமயம் தமிழும் சமஸ்கிருதமும் நன்கு படித்தவர். இந்த இலக்கியப் பழக்கம் மகனிடமும் கடைசிவரை இருந்தது. திருவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

படித்தது இயற்பியல். கிடைத்த வேலை, கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் வேலை. பெரிய பதவி இல்லை. ஆனால் மதிய உணவு இடைவேளையில் அவர் ஒரு வேலை செய்தார். மாணவர்கள் இயற்பியல், வேதியியல், கணக்கு என எந்தக் கேள்வியோடு வந்தாலும் உட்கார்ந்து பேசுவார். வேறு கல்லூரி மாணவர்களும் இதற்காகவே வருவார்கள் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

கொல்கத்தா ரயில்

அப்போது ராமன் கொல்கத்தாவில் இருந்தார். பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்தான் அவரது கோட்டை. அங்கே போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசையில் 1920களின் தொடக்கத்தில் கிருஷ்ணன் கொல்கத்தா கிளம்பினார். 1923 வாக்கில் ராமனின் ஆய்வுக் குழுவில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டார்.

ராமன் அப்போது எதைத் துரத்திக்கொண்டிருந்தார்? ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதை. 1921ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு இல்லை, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். குலசேகரன்பட்டினம், மணப்பாடு கடற்கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கும் அதே விளக்கம்தான்.

அதுவரை எல்லோரும் நம்பியது இது: ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது திசை மாறும், ஆனால் நிறம் மாறாது. நீலம் உள்ளே போனால் நீலம்தான் வெளியே வரும்.

ஆனால் ராமனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. 1923ல் கே.ஆர்.ராமநாதன் திரவங்களில் ஒளிச்சிதறலைப் பார்த்தபோது, நிறம் லேசாக மாறிய மங்கலான ஒளி தெரிந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும், அதனால் வரும் ஒளிர்வு என்று முதலில் நினைத்தார்கள். திரவத்தை மறுபடி மறுபடி வடித்துச் சுத்தம் செய்தார்கள். ஒளி போகவில்லை. 1925ல் கிருஷ்ணனும் வேறு திரவங்களில் அதே ஒளியைப் பார்த்தார். 1927 கடைசியில் எஸ்.வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பார்த்தார், அங்கே அது இன்னும் பளிச்சென்று இருந்தது.

அந்த ஆண்டு இறுதியில்தான் எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் மோதும்போது அலைநீளம் மாறுவதைக் கண்டுபிடித்த ஆர்தர் காம்ப்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிருக்கு நடப்பது சாதாரண ஒளிக்கும் நடந்தால்? ராமனுக்குப் பொறி தட்டியது.

1928 பிப்ரவரியில் என்ன நடந்தது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஏனென்றால் பின்னால் வந்த எல்லா வாதங்களும் இந்த நான்கு வாரங்களைப் பற்றியவைதான்.

அந்த நாட்களில் கிருஷ்ணன் டைரி எழுதினார். அதில்தான் இன்று நமக்குத் தெரிந்த விவரங்களில் பெரும்பகுதி இருக்கிறது. கொஞ்ச காலமாகக் கோட்பாட்டுக் கணக்குகளில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை, பரிசோதனைக்குத் திரும்பு என்று ராமன் தள்ளினார். பிப்ரவரி தொடக்கத்தில் கிருஷ்ணன் வேலையை எடுத்துக்கொண்டார்.

கருவி ரொம்ப எளிமை. சூரிய ஒளியை டெலஸ்கோப் லென்ஸ் வழியாகக் குவித்து, சுத்தமான திரவம் இருக்கும் கண்ணாடிக் குமிழில் பாய்ச்சுவார்கள். போகும் வழியில் ஒரு நீல ஊதா வடிகட்டி. அதாவது உள்ளே நீல ஊதா மட்டும்தான் போக முடியும். வெளியே வரும் சிதறல் ஒளியைப் பார்க்கும் இடத்தில் அந்த நீல ஊதாவை முழுசாக அடைக்கும் மஞ்சள் பச்சை வடிகட்டி. நிறம் மாறாமல் வந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியக்கூடாது, கும்மிருட்டாக இருக்க வேண்டும். ஆனால் தெரிந்தது. மங்கலாக, ஆனால் உறுதியாகத் தெரிந்தது. ஒரு திரவத்தில் இல்லை, சுமார் 60 திரவங்களில். ஆவியிலும் கிடைத்தது. அதோடு அந்த ஒளி துருவமுற்றிருந்தது, அதாவது அலையின் அதிர்வு ஒரு திசையில் ஒழுங்குபட்டிருந்தது. சாதாரண ஒளிர்வில் அந்த அளவுக்கு அப்படி இருக்காது. ஆக இது புதுசு.

அந்த மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் ஒரு ராத்திரி, சாப்பாடு முடிந்த நேரத்தில், சுமார் 9 மணிக்கு ராமன் கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டுக்கே வந்துவிட்டார். அன்று காலை பார்த்தது, மூன்று வருஷத்துக்கு முன் கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் குவாண்டம் கணக்கில் சொன்ன விளைவுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காலை வரை பொறுக்க முடியவில்லை. வீட்டு வாசலிலேயே நின்று கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள் என்று டைரி சொல்கிறது. நோபல் பரிசு வாங்கித் தந்த ஒரு கண்டுபிடிப்பு வாசல்படியில் நின்று பேசப்பட்ட காட்சி அது.

பிப்ரவரி 16ம் தேதியிட்டு நேச்சர் இதழுக்கு ஒரு குறிப்பு போனது. புதுவகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு பற்றிய அந்தக் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தது. மார்ச் 31ல் அச்சானது. இதற்கிடையில் பிப்ரவரி 28ம் தேதி சிறிய ஸ்பெக்ட்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபோது, உள்ளே போன நிறமும் புதிதாக வந்த நிறமும் தனித்தனியாக, நடுவில் இருட்டு இடைவெளியோடு நின்றன. சந்தேகம் தீர்ந்தது. அதுதான் நாம் கொண்டாடும் நாள். அடுத்து பாதரச விளக்கைப் பயன்படுத்தியபோது புதிய நிறங்கள் கூர்மையான கோடுகளாகவே தெரிந்தன.

சரி, இதில் குவாண்டம் எங்கே வந்தது?

உடன்குடிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பதநீர் தொடர்ச்சியாக ஓடும், எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அரை டம்ளர், கால் டம்ளர், ஒரு சொட்டு. ஆனால் அதையே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கிவிட்டால் கணக்கு சில்லு சில்லாகத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. (உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது தனிக்கதை.) நிஜக் கருப்பட்டியை உடைக்கலாம் என்பீர்கள், சரிதான். குவாண்டம் உலகத்துக் கருப்பட்டியை உடைக்க முடியாது, அங்கேதான் இந்த உவமை நிற்கும்.

ஒளி அப்படிப்பட்ட சில்லுகளாக வருகிறது. ஒவ்வொரு சில்லும் ஒரு ஃபோட்டான். மூலக்கூறுகளும் இஷ்டத்துக்கு அதிர முடியாது. அவை வாங்கும் சக்தியும் முழுச் சில்லு கணக்குதான். ஒரு ஃபோட்டான் பென்சீன் மூலக்கூறில் மோதும்போது, அந்த மூலக்கூறு தன் அதிர்வுக்குத் தேவையான ஒரு முழுச் சில்லைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சத்தோடு ஃபோட்டான் வெளியே வரும். சக்தி குறைந்ததால் அதன் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். பாதரச விளக்கின் 436 நானோமீட்டர் நீலக் கோடு பென்சீனில் பட்டால், சுமார் 455 நானோமீட்டரில் இன்னொரு கோடு முளைப்பது இதனால்தான்.

ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதன் சில்லு அளவு வேறு. ஆகவே நகர்ந்த அளவைப் பார்த்தே உள்ளே என்ன மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். மனிதருக்குக் கைரேகை மாதிரி. ஆனால் நடப்பது ரொம்ப அரிது: தோராயமாக ஒரு கோடி ஃபோட்டான் சிதறினால் ஒன்றுக்குத்தான் இப்படி நிறம் மாறும். அதை லேசர் இல்லாத காலத்தில், வெறும் சூரிய ஒளியையும் சொந்தக் கண்ணையும் வைத்துப் பார்த்தார்கள். இருட்டறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்த கண்களில் முக்கியமானவை கிருஷ்ணனுடையவை.

நோபல் ஏன் ஒருவருக்கு மட்டும்?

1930ல் இயற்பியல் நோபல் ராமனுக்குத் தனியாக வழங்கப்பட்டது. ஒரு பரிசை மூன்று பேர் வரை பகிரலாம் என்பது விதி. கிருஷ்ணன் பெயர் இல்லை. மாஸ்கோவில் 1928லேயே படிகங்களில் இதே விளைவைக் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் பெயர்களும் இல்லை. ரஷ்யர்களின் அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

இங்கே இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராமன் பக்கம் பார்த்தால், ஒளிச்சிதறல் என்ற ஆராய்ச்சித் திட்டமே 1921 முதல் அவருடையது. எதைத் தேடுவது, எங்கே தேடுவது, கிடைத்தது என்ன என்று புரிந்துகொண்டது எல்லாம் அவர். பிப்ரவரி 28க்குப் பிறகு வந்த முக்கியமான நேச்சர் குறிப்பு ஒன்றை அவர் தனியாகவே எழுதினார், மே மாதம் வந்த இன்னொன்றில் மறுபடி கிருஷ்ணன் பெயரும் இருந்தது. நோபல் உரையிலும் கிருஷ்ணனின் பங்கை அவர் மறைக்கவில்லை.

கிருஷ்ணன் பக்கம் பார்த்தால், தீர்க்கமான வாரங்களில் அறுபது திரவங்களையும் சுத்தம் செய்து, ஆவியில் சோதித்து, துருவமுறுதலை உறுதி செய்த கைகள் அவருடையவை. முதல் அறிவிப்பில் சம பங்காளியாகப் பெயர் இருந்தவரை, அடுத்த நூறு வருஷத்தில் ஒரு அடிக்குறிப்பாக்கிவிட்டோம். இதற்கு ராமனை மட்டும் குறை சொல்வது சரியில்லை. விளைவுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதும் பாடப்புத்தகங்கள் அந்தப் பெயரோடு நின்றுவிட்டன. நம் பள்ளிப் பாடத்தில் கிருஷ்ணனுக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கலாம் என்பதுதான் நமது ஆதங்கம்.

அவர் என்ன செய்தார்? பொதுவெளியில் உரிமை கோரிச் சண்டைக்குப் போகவில்லை. 1928 டிசம்பரிலேயே கொல்கத்தாவை விட்டுக் கிளம்பியிருந்தார்.

டாக்காவில் ஒரு குவார்ட்ஸ் நூல்

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் யார் தெரியுமா? சத்யேந்திரநாத் போஸ். 1924ல் ஃபோட்டான்களை எண்ணும் புதுக் கணக்கைச் சொல்லி ஐன்ஸ்டீனை அசத்தியவர். போசான் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது. ஆக அந்த நாட்களில் டாக்காவில் ஒரே துறையில் போஸும் கிருஷ்ணனும் இருந்தார்கள்.

கிருஷ்ணன் அங்கே கையில் எடுத்தது ஒளி இல்லை, காந்தம். ராமன் விளைவைப் பற்றியே அடுத்த பத்து வருஷம் எழுதிப் பேர் வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. எனக்குக் கேட்டால், அவர் வாழ்க்கையில் மிகத் துணிச்சலான முடிவு இதுதான்.

வீட்டில் துணிப்பெட்டிக்குள் போடும் பாச்சா உருண்டை இருக்கிறதே, அது நாப்தலீன். அந்த மாதிரிப் படிகங்களைக் காந்தம் இழுக்காது, மாறாக மிக மிக லேசாகத் தள்ளும். அந்தத் தள்ளல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருக்காது. எந்தத் திசையில் எவ்வளவு என்று துல்லியமாக அளந்தால், படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து படுத்திருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் வித்தியாசம் அவ்வளவு சின்னது. எப்படி அளப்பது?

கிருஷ்ணனும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி அழகானது. முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் நூலில் ஒரு சிறு படிகத்தைக் காந்தப் புலத்துக்குள் தொங்கவிடுவார்கள். படிகம் தனக்குப் பிடித்த திசைக்குத் திரும்பி நின்றுகொள்ளும். இப்போது மேலே நூலின் நுனியை மெதுவாக முறுக்கிக்கொண்டே போவார்கள். படிகம் பிடிவாதமாக நிற்கும். முறுக்கு ஒரு எல்லையைத் தாண்டும்போது சட்டென்று சுழன்றுவிடும். ஊஞ்சல் கயிற்றை முறுக்கிவிட்டு விளையாடியவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். எத்தனை முறுக்கில் சுழன்றது என்ற ஒற்றை எண்ணிலிருந்து காந்தப் பண்பின் வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள். 1933 முதல் இந்த முடிவுகள் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தொடராக வந்தன.

இதன் பின்னாலும் குவாண்டம்தான் இருக்கிறது. பென்சீன் வளையத்தில் சில எலக்ட்ரான்கள் ஒரு அணுவோடு கட்டிப்போடப்படாமல் வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன. வளையத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தத் தள்ளல் அதிகமாக இருப்பது அதனால்தான். அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்ஸ் கதிர் கொண்டு பென்சீன் வளையம் தட்டையானது என்று நிறுவிய காத்லீன் லான்ஸ்டேல், கிருஷ்ணனோடு சேர்ந்து 1936ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவர்தான் பின்னர் 1945ல் ராயல் சொசைட்டி உறுப்பினரான முதல் இரு பெண்களில் ஒருவர்.

காந்தம் இழுக்கும் உப்புகளையும் கிருஷ்ணன் விடவில்லை. ஒரு உலோக அயனியைச் சுற்றி மற்ற அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்து அதன் குவாண்டம் நிலைகள் பிரிகின்றன என்ற வான் விளெக்கின் கோட்பாட்டைச் சோதிக்க அந்த அளவீடுகள் நேரடியாக உதவின. வான் விளெக் பின்னாளில், 1977ல், நோபல் வாங்கினார்.

பென்சில் கரிக்குள் ஒரு அதிசயம்

ராமன் பெங்களூருக்குப் போன 1933ல் கிருஷ்ணன் மறுபடி கொல்கத்தா கழகத்துக்கே வந்தார், மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக. இங்கே அவர் செய்ததில் இன்றைய வாசகருக்கு மிகவும் சுவாரஸ்யமானது கிராஃபைட். பென்சிலுக்குள் இருக்கும் கரிதான்.

கிராஃபைட் என்பது கார்பன் அணுக்களால் ஆன தாள்களின் அடுக்கு. அதில் செங்குத்துத் திசையில் காந்தத் தள்ளல், தாளின் போக்கில் இருப்பதைவிட சுமார் 40 மடங்கு அதிகம். ஏன்? மாணவர் கங்குலியோடு சேர்ந்து கிருஷ்ணன் சொன்ன விடை: எலக்ட்ரான்கள் அந்தத் தாளுக்குள் சுதந்திரமாக ஓடுகின்றன, ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குத் தாவுவது கஷ்டம். மின்சாரமும் அப்படித்தான் பாய்கிறது என்று 1939ல் அளந்து காட்டினார்கள். 1941ல் முழுக் கட்டுரை வந்தது. ஏறக்குறைய இரட்டைப் பரிமாண எலக்ட்ரான் கூட்டம் என்ற யோசனை அது.

2004ல் மான்செஸ்டரில் அந்த ஒற்றைத் தாளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2010ல் அதற்கு நோபல். இன்னொரு வேடிக்கை: ஒரு ஆய்வுக்கூடத்தில் கையில் இருப்பது ஒற்றைத் தாளா, இரண்டு தாளா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ராமன் நிறமாலை எடுத்து. கிருஷ்ணனின் இரண்டு வாழ்க்கைகளும் அந்த ஒரு அளவீட்டில் சந்திக்கின்றன.

அலகாபாத்தும் டெல்லியும்

1937ல் ஐரோப்பா போனார், கேம்பிரிட்ஜிலும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் உரையாற்றினார். 1940ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946ல் சர் பட்டம்.

அலகாபாத்தில் ஏ.பி.பாட்டியாவோடு செய்த ஒரு வேலை காலத்தை முந்தியது. உருகிய உலோகத்தில் மின்தடை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவது எப்படி? எலக்ட்ரானை ஓடும் பந்தாகப் பார்க்காமல் அலையாகப் பாருங்கள். திரவத்தில் எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறதோ அப்படியே எலக்ட்ரான் அலையும் சிதறும் என்றார்கள். இது 1945. ஜான் ஜிமன் இதே பாதையில் ஒரு முழுக் கோட்பாட்டைக் கட்டியது 1961ல். அதாவது 16 வருஷம் கழித்து.

சுதந்திரம் வந்த 1947ல் டெல்லியில் உருவாகிக்கொண்டிருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநராக கிருஷ்ணனை அழைத்தார்கள். கட்டடம் திறக்கப்பட்டது 1950 ஜனவரி 21ல், சர்தார் படேல் கையால். 1948ல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது அதில் இருந்தது மூன்றே பேர்: ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கே.எஸ்.கிருஷ்ணன்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பல விஞ்ஞானிகளுக்கு ஆராய்ச்சி அத்தோடு முடிந்துவிடும். இவர் ஃபைல்களுக்கு நடுவிலும் சோதனை செய்தார். சூடான குழிக்குள் எலக்ட்ரான்கள் வாயு மாதிரி நிரம்பி நிற்க, ஒரு சிறு துளை வழியாக அவை கசிவதை அளந்து, ஒரு பொருளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு சக்தி தேவை என்று கண்டறிந்தார். எஸ்.சி.ஜெயினோடு சேர்ந்து செய்த வேலை அது.

அந்த ஆய்வுக்கூடம் உங்கள் வாழ்க்கையில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிற மை அங்கே உருவானது, 1962 பொதுத் தேர்தல் முதல் புழக்கத்தில் இருக்கிறது. இந்திய நேரத்தை வைத்திருப்பதும் அந்தக் கூடம்தான், சீசியம் அணுக் கடிகாரங்களில். நாட்டின் மூலக் கிலோகிராம் எடைக்கல்லும் அங்கேதான். 2019 மே 20 முதல் உலகம் முழுக்க கிலோகிராமுக்கு வரையறை அந்த உலோகக் கல் இல்லை, பிளாங்க் மாறிலி என்ற குவாண்டம் எண். உடன்குடிச் சந்தையில் ஒரு கிலோ கருப்பட்டி நிறுத்தால், தராசுக்குப் பின்னால் கடைசியில் நிற்பது குவாண்டம் இயற்பியல்தான்.

1954ல் பத்மபூஷண். 1958ல் பட்நாகர் விருது தொடங்கியபோது முதல் விருதே இவருக்கு. 1961 ஜூனில் டெல்லியில் மாரடைப்பால் காலமானார். வயது 62.

இன்றைய குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது, ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. கிருஷ்ணன் காலத்தில் குவாண்டம் தகவல் என்ற துறையே கிடையாது. குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றிய பேச்சு 1980களில்தான் தொடங்கியது.

ஆனால் அவர் கண்ணால் பார்த்த அந்த விளைவு அங்கே தினமும் வேலை செய்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டரில் ஒரு வகை, தனித்தனி அயனிகளை வெற்றிடத்தில் மிதக்கவிட்டு அவற்றையே தகவல் அலகாக, அதாவது குவிட்டாகப் பயன்படுத்துவது. ஒரு குவிட்டை 0 நிலையிலிருந்து 1 நிலைக்கோ, இரண்டும் கலந்த நிலைக்கோ கொண்டுபோக வேண்டும். அதற்கு அந்தக் கருவிகளில் பலவும் செய்வது இதுதான்: இரண்டு லேசர் கற்றைகளை அயனி மீது பாய்ச்சுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள சக்தி வித்தியாசம் அந்த இரு நிலைகளுக்கு உள்ள இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும். அயனி ஒரு கற்றையிலிருந்து ஃபோட்டானை வாங்கி இன்னொரு கற்றையில் விடும். கணக்கில் மிஞ்சும் ஒரு சில்லு அதன் நிலையை மாற்றிவிடும். இதற்குப் பெயர் ராமன் மாற்றம். 1928ல் தானாக, கோடியில் ஒன்றாக நடந்ததை இப்போது வேண்டும்போது வேண்டிய அளவு நடத்துகிறார்கள்.

மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-31 வரை ஓடும். நான்கு மையங்களில் ஒன்று, குவாண்டம் தகவல் தொடர்புக்கானது, சென்னை ஐஐடியில் இருக்கிறது. ஐ.நா. 2025ஐ சர்வதேச குவாண்டம் ஆண்டாக அறிவித்தது.

கிருஷ்ணன் பெயரில் என்ன இருக்கிறது? டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். முனைவர் பட்டம் முடித்த இளைஞர்களுக்கு அணுசக்தித் துறை வழங்கும் ஆய்வுப் பணி ஒன்றும் அவர் பெயரில் இருக்கிறது. இயற்பியலோ வேதியியலோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கே.எஸ்.கிருஷ்ணன் ஆய்வு உதவித்தொகை என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.